அக்காள் விட்ட பள்ளி

தாயே முதல் ஆசான் என்று மேடைதோறும் பேசுகின்றோம். அந்த ஆசானுக்கு மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்று, இரவும் பகலும் பிழைப்புக்கே சரியாகப் போயிருந்தால் வீட்டுப் பள்ளிக்கூடம் எவ்வாறு நடந்திருக்கும் என்று கேட்பார் இலர். அத்தகைய வீட்டில் வளர்ந்தவர் ஆதலின் நாம் சிறிது சொல்லத் துணிகின்றோம்.

வட ஆர்க்காட்டுச் சிற்றூர் ஒன்றிலிருந்து நம் தந்தையார் ஆலை வேலை தேடிப் பெங்களூருக்கு வந்தார். அல்சூர் ஏரிக்கு அருகே ஒற்றை அறை வீடு. அம்மா ஊதுவத்தி உருட்டினார். மாவைப் பிசைந்து, மூங்கில் குச்சியில் ஒட்டிப் பலகைமேல் உருட்ட வேண்டும். ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. "வீட்டோடு இருக்கிற வேலை, பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ளலாம்" என்றார்கள் அக்கம்பக்கத்தார். ஆயிரம் தேற இரண்டு கைகள் போதவில்லை. அக்காளின் கைகளும் சேர்ந்தன. 1966இல், ஐந்தாம் வகுப்போடு அவள் பள்ளியை விட்டாள். தம்பியை இடுப்பில் சுமந்தபடியே குச்சிகளை எண்ணிக் கட்டுவாள். நம் புத்தகமும் சீருடையும் அந்தக் கூலியில் வந்தவை. இதை எழுதும்போது எழுதுகோல் சற்றே தயங்குகின்றது.

அம்மாவுக்குக் கன்னட எழுத்து கோலம்போலத் தோன்றும். ஆயினும் மாலையில் "உரக்கப் படி" என்பார். பாடத்துக்குப் பதில் சினிமாப் பாட்டை இழுத்துப் படித்து ஏமாற்றியதும் உண்டு.

அடுத்த தெருவில் பள்ளியிறுதி தேறிய அம்மையார் ஒருவர் இருந்தார். ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத் துணையோடு 1961இல் ஜாலஹள்ளியில் தொடங்கிய எச்.எம்.டி. கைக்கடிகாரத் தொழிற்சாலையில் அவருக்குப் பணி. மாலையில் அவருக்கு நேரமும் இருந்தது, பிள்ளையின் புத்தகத்தைப் படித்துப் பார்க்க எழுத்தும் இருந்தது. மகள் பொறியியல் படித்தாள். அவர் நம் அம்மாவைவிடப் பிள்ளைமேல் பாசம் மிக்கவர் என்று எவரும் சொல்லார். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் 50 பெண்களுக்கு மேல் உழைக்கும் ஆலையில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. 1976இல் அவ்வெண் 30 ஆகக் குறைந்தது. ஊதுவத்தி உருட்டும் வீட்டில் எந்தச் சட்டமும் தொட்டில் கட்டவில்லை. அங்கே அக்காளே காப்பகம்.

பின்னாளில் இந்நகரின் ஆயத்த ஆடை ஆலைகள் பெண்களாலேயே நிரம்பின. வருங்கால வைப்பு நிதியில் முதலாளியின் பங்கை 58 வயதுக்கு முன் எடுக்கலாகாது என்று விதி வந்தபோது, 2016 ஏப்ரலில் அவர்கள் ஆயிரக்கணக்கில் ஓசூர்ச் சாலையை மறித்தனர். அரசு அவ்விதியைக் கைவிட்டது. அந்தப் பணத்தில் எத்தனை பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் அடங்கியிருந்தது என்பதை, ஊதுவத்திக் கூலியில் படித்த நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அம்மா இப்போது இல்லை. அக்காளுக்கு எழுபது வயது. அண்மையில் ஒருநாள் பேத்தியின் ஐந்தாம் வகுப்புக் கன்னடப் புத்தகத்தை மடியில் வைத்து எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தாள். கடைசிப் பக்கம் வந்ததும் நம்மைப் பார்த்து, "ஆறாம் வகுப்பில் என்னடா பாடம் வைப்பார்கள்?" என்று கேட்டாள்.