பின்சக்கரத்தின் முனகல்

பதினான்கு ஆண்டுகளாக என்னைச் சுமந்துவரும் மோட்டார் சைக்கிள், சென்ற ஐப்பசி மழைக்குப்பின் முனகத் தொடங்கியது. தனியே போகும்போது ஓசை இல்லை. மனைவி பின்னிருக்கையில் அமர்ந்ததும் ‘கர்... கர்...’ என்று விட்டுவிட்டு எழும். பாளையங்கோட்டையிலிருந்து திருநெல்வேலிக்குப் போகையில், 1843-இல் திறக்கப்பட்ட சுலோசனா முதலியார் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் மோதி அது இரட்டிப்பாகக் கேட்கும். வண்டியின் நோயைக் கேட்கச் சுவரோரம் ஓட்டவேண்டும் என்பதை அங்கேதான் கற்றேன்.

பாரம் ஏறினால் ஓசை. பாரத்தைத் தாங்குவது ஷாக் அப்சர்வர். ஆகவே குற்றம் அதனுடையதே என்று முடிவு கட்டினேன். வழக்கமாகப் போகும் பட்டறைத் தம்பி, வண்டியின் பின்புறத்தை இரு கைகளாலும் அழுத்தி விட்டுப் பார்த்தார். “பழசு நல்லாத்தான் இருக்கு சார். ஆயில்கூட லீக் ஆகல” என்றார். நான் கேட்கவில்லை. இரண்டையும் மாற்றச் சொன்னேன், மாற்றினார். மறுநாளும் பாலத்தில் அதே முனகல். நேரே பட்டறைக்குச் சென்று, அவரிடம் தொழில் பழகும் சிறுவனின் முன்னிலையில், “தொழில் தெரியாதவன் ஸ்பானரைத் தொடக்கூடாது” என்று சொல்லிவிட்டேன். அவர் பதில் பேசவில்லை. நுனி இழந்த சுட்டுவிரலில் கைத்துணியைச் சுற்றியபடி நின்றார்.

அந்த விரலின் கதை எனக்குத் தெரியும். இளம் வயதில், ஸ்டாண்டில் நிறுத்திய வண்டியை கியரில் ஓடவிட்டு, ஓடும் செயினைத் துணியால் துடைத்திருக்கிறார். துணியைப் பல்சக்கரம் இழுத்தது. துணியோடு விரலும் போயிற்று. பட்டறைக்கு வரும் ஒவ்வொருவருக்கும் அந்த விரலைக் காட்டியே எச்சரிப்பார். எனக்கும் காட்டியிருக்கிறார்.

அன்றிரவு மனைவி மெல்லக் கேட்டாள்: “நீங்க செயினை இறுக்குனதுக்கு மறுநாள்ல இருந்துதான இந்தச் சத்தம் வருது? அன்னைக்கே சொன்னேனே.”

சொன்னாள்தான். மழைக்குப்பின் செயின் தளர்ந்து கவரின் உட்புறத்தில் ‘டக டக’ என்று அடிக்க, ஒரு மாலையில் அதை நானே இறுக்கியிருந்தேன். சுயமாகச் செய்த வேலையில் பிழை இருக்கும் என்று யார்தான் முதலில் எண்ணுவார்கள்?

சனிக்கிழமை காலை விசாரணையைப் புதிதாகத் தொடங்கினேன். ஆள் நடமாட்டமற்ற தெருவில், மனைவி பின்னே அமர்ந்திருக்க, வண்டியை நியூட்ரலில் உருளவிட்டேன். எஞ்சினின் வேகம் அடங்கிய பிறகும் முனகல் சக்கரத்தோடு வந்தது, எஞ்சின் குற்றவாளியன்று. பின்னர் வண்டியை நிறுத்தி, தம்பி செய்ததுபோலவே இருக்கையை அழுத்தி அழுத்தி விட்டேன். ஸ்பிரிங்கிலோ அதன் புஷ்ஷிலோ கோளாறு இருந்தால் நிற்கும்போதே கிறீச்சிடும். அமைதியாக இருந்தது. சென்டர் ஸ்டாண்டில் ஏற்றிச் சக்கரத்தைப் பக்கவாட்டில் அசைத்தேன், ஆட்டம் இல்லை. ஆகவே பேரிங்கும் ஸ்விங் ஆர்ம் புஷ்ஷும் விடுதலை. மிஞ்சியது செயின் ஒன்றே.

சாவியை எடுத்துவிட்டு, செயின் கவரைக் கழற்றி, ஓரிடத்தில் சுண்ணாம்புக்கட்டியால் குறியிட்டேன். பின் பல்சக்கரத்தில் 42 பற்கள். செயினில் 104 கண்ணிகள். எனவே சக்கரம் ஏறத்தாழ இரண்டரை முறை சுற்றினால்தான் செயின் ஒருமுறை சுற்றி வரும். பின்னிருக்கையில் மனைவி எண்ணி வைத்திருந்த முனகலின் இடைவெளியும் அதுவே. கையால் மெல்லச் சுழற்றிக்கொண்டே, கீழ்ப்புறச் செயினின் நடுவில் மேலும் கீழும் தள்ளி அளந்தேன். கையேடு கேட்பது 20 முதல் 30 மில்லிமீட்டர் தளர்வு. ஓரிடத்தில் 20 இருந்தது. இன்னோரிடத்தில் வெறும் 6.

செயின் நீள்கிறது என்கிறோம், இரும்பு இழுபடுவதில்லை. 1880-இல் மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்ட் காப்புரிமை பெற்ற உருளைச் செயினின் அமைப்புதான் இன்றும் நம் வண்டிகளில் ஓடுகிறது. அதன் ஒவ்வொரு மூட்டிலும் ஊசியும் குழலும் உராய்ந்து தேய்கின்றன. மயிரிழையளவான தேய்மானங்கள் கூடிச் செயினை நீட்டுகின்றன. புதிதாக இருக்கையில் 20 கண்ணிகளின் நீளம் 254 மில்லிமீட்டர். என் செயினில் ஓரிடத்தில் 255, வேறோரிடத்தில் 258. சீராகத் தேயாத செயின் சுற்றும்போது ஓரிடத்தில் தளரும், ஓரிடத்தில் இறுகும். இறுகும் இடத்தைத் தேடி அங்கேதான் தளர்வைச் சரிசெய்ய வேண்டும். நானோ கவரிலுள்ள சிறு ரப்பர் மூடியைத் திறந்து, அப்போது கண்ணில் பட்ட இடத்தை மட்டும் பார்த்து இறுக்கியிருந்தேன்.

அப்படியானால் மனைவி ஏறியதும் ஏன் ஓசை? ஸ்விங் ஆர்ம் அசையும் அச்சுக்கு முன்னால் இருக்கிறது எஞ்சினின் சிறு பல்சக்கரம். ஸ்டாண்டில் பின்சக்கரம் கீழே தொங்கும்போது, இரு பல்சக்கரங்களுக்கும் இடையிலான தூரம் குறைவு. இருவர் அமர்ந்து வண்டி தாழ, மூன்று மையங்களும் ஒரே கோட்டை நெருங்கும், தூரம் மிகும். அதற்கென விடவேண்டிய தளர்வைத்தான் நான் பறித்திருந்தேன். இப்படியே ஓட்டியிருந்தால் கியர்பாக்ஸ் பேரிங் தேய்ந்திருக்கும்; ஒருநாள் செயினே அறுந்து பின்சக்கரத்தைப் பூட்டியிருக்கவும் கூடும், அதுவும் மனைவி பின்னிருக்கையில் இருக்கும்போது.

அச்சு நட்டைத் தளர்த்தி, இருபுறக் குறிகளும் ஒத்திருக்கும்படி சக்கரத்தை முன்னே தள்ளி, பிரேக் கம்பியையும் சரிசெய்தேன். இறுகிய இடம் 20-க்கு வந்தது. தளர்ந்த இடமோ 34 ஆயிற்று. அந்தச் செயின் இனி உதவாது. பல்சக்கரங்களோடு சேர்த்து மாற்றியே ஆகவேண்டும்.

அதற்குப் பட்டறைக்குத்தான் போகவேண்டும். வேலை இருப்பதால்தான் வந்தார் என்று தம்பி எண்ணிவிடக் கூடாதே என்ற கவலையில், வண்டியை வீட்டில் விட்டுவிட்டு நடந்தே போனேன். அவர் ஏதோ ஒரு எஞ்சினின் முன் குனிந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து, “வாங்க சார், சத்தம் நின்னுச்சா?” என்று கேட்டார். சிறுவன் தேநீர் வாங்கப் போயிருந்தான். அவனும் வந்துவிடட்டும் என்று சொல்லி, வாசலில் கிடந்த பழைய டயரின் மேல் அமர்ந்து காத்திருந்தேன்.