கோடைச் செலவை எழுதாத கூட்டு மனு

இந்து திருமணச் சட்டத்தின் 13பி பிரிவில் பரஸ்பர சம்மத விவாகரத்துக்காகப் போடும் கூட்டு மனுவில் பிள்ளைக்கான பத்தியைப் படித்தாலே எழுதியவரின் கைத்திறன் தெரிந்துவிடும். இப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் தாக்கலாகும் மனுக்களில் அந்தப் பத்தி ஒரே அச்சில் வார்த்தது போல வருகிறது: மாதம் இவ்வளவு, 5ஆம் தேதிக்குள், வங்கிக் கணக்கில். பழைய மனுவைக் கம்ப்யூட்டரில் திறந்து பெயரையும் தொகையையும் மாற்றினால் வேலை முடிந்ததென்று இளைய வக்கீல்கள் நினைக்கிறார்கள். ஆனால் பிள்ளையின் செலவு 12 சம பங்காக வருவதில்லை. டேர்ம் பீஸ், வேன் பணம், நோட்டுப் புத்தகம், யூனிஃபார்ம் தையல் கூலி எல்லாம் மே, ஜூனில் ஒன்றாக வந்து நிற்கும். அரசுப் பள்ளிப் பிள்ளைக்குப் பீஸ் இல்லையே என்பார்கள். ஆனால் லீவு விட்டதும் பள்ளியில் கிடைத்த காலை உணவும் சத்துணவும் நின்றுபோகின்றன. ராஜபாளையத்தில் மில் ஷிப்ட் போகும் தாய், பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்பவருக்கும் ஏதாவது கொடுத்தாக வேண்டும். மாதத் தொகையில் மிச்சம் பிடிக்கலாமே என்று வாதிடுபவர்கள், அந்தத் தொகை அரிசிக்கும் வாடகைக்குமே போதாததைக் கணக்கில் எடுப்பதில்லை.

சட்டம் இதற்கு வழி வைத்திருக்கிறது. 1956ஆம் ஆண்டு இந்து தத்தெடுப்பு, ஜீவனாம்சச் சட்டத்தின் 20ஆம் பிரிவு பிள்ளையைப் பராமரிக்கும் கடமையைத் தாய், தந்தை இருவர் மேலும் வைக்கிறது. பத்மஜா சர்மா வழக்கில், இருவரும் சம்பளக்காரர்கள் என்பதால், தந்தைக்கு 2 பங்கு, தாய்க்கு 1 பங்கு என்று 2000இல் உச்ச நீதிமன்றம் பிரித்தது. 2020 நவம்பர் 4இல் வந்த ரஜ்னேஷ் எதிர் நேஹா தீர்ப்பு, படிப்புச் செலவு பொதுவாகத் தந்தையுடையது, மனைவிக்குப் போதிய வருமானம் இருந்தால் விகிதப்படி பகிரலாம் என்றது. கோச்சிங் வகுப்பையும் நியாயமான அளவில் சேர்க்கச் சொன்னது. அந்தத் தீர்ப்பு கேட்கும் சொத்து, வருமானப் பிரமாணப் பத்திரத்தைச் சடங்குக்கு நிரப்பி வழக்குக் கட்டில் சேர்த்துவிடுகிறார்கள். கோடைச் செலவை எந்த விகிதத்தில் பிரிப்பது என்பதற்கான விடை அதிலேயே இருக்கிறது.

உண்மையில் திணறவைப்பது ரசீது இல்லாத செலவுதான். பஸ் கட்டணம், செருப்பு, ஆச்சி வீட்டில் தங்கும் நாட்களின் சாப்பாடு இவற்றுக்கு யார் பில் போடுவார்? இதற்கெல்லாம் கணக்குக் கேட்டால் பிள்ளைதான் இரண்டு வீட்டுக்கும் நடுவே தூது போகும். அதனால் சில்லறைச் செலவுக்கு ஏப்ரலில் ஒரு நிலையான தொகை என்று எழுதிவிட்டு, பீஸையும் கோச்சிங்கையும் மட்டும் ரசீதோடு விகிதப்படி பிரிப்பதே சரி. புதிய வகுப்பில் சேர்க்குமுன் இருவர் சம்மதமும் வேண்டும். கேட்டவருக்கு 7 நாளில் பதில் வராவிட்டால் சம்மதமாகக் கொள்ளலாம் என்றும் எழுத வேண்டும். லீவில் பிள்ளை என்னிடம் இருக்கும் மாதத்துக்கு நான் ஏன் ஜீவனாம்சம் கட்ட வேண்டும் என்று தந்தை கேட்பதில் பாதி நியாயம் உண்டு. சாப்பாட்டுச் செலவைக் கழிக்கலாம். வாடகையும் பள்ளிக் கட்டணமும் அந்த மாதமும் ஓடுகின்றனவே, அவற்றைக் கழிக்க முடியாது.

இவ்வளவு நுணுக்கமாக எழுதினால் சமரசமே கலைந்துவிடும் என்பது எங்கள் வக்கீல் ஆட்களே சொல்லும் சாக்கு. கையெழுத்துக்கு முன் கலைந்தால் மறுபடி உட்கார்ந்து பேசலாம். கையெழுத்துக்குப் பின், ‘தேவையான படிப்புச் செலவைத் தந்தை ஏற்பார்’ என்ற ஒற்றை வரியை வைத்துக்கொண்டு நிறைவேற்று மனு போட முடியுமா? தொகையும் விகிதமும் தேதியும் இல்லாத ஷரத்தை வைத்து எந்த நீதிமன்றமும் சம்பளத்தை ஜப்தி செய்யாது. ஜூனில் பீஸ் கட்ட முடியாத தாயிடம் புதிதாக ஒரு மனு போடச் சொல்கிறார்கள், அதற்கும் தனி பீஸ் கேட்டு.