பாதம் பதிய ஓர் இருக்கை

ஆறு மாதம் நிரம்பப்போகும் பிள்ளையோடு வருகிற தாய்மார்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடுதான் வருகிறார்கள். என்ன கொடுக்கலாம்? கேழ்வரகா, அரிசிக் கஞ்சியா, ஆப்பிளை வேகவைத்துக் கொடுக்கலாமா, கடையில் விற்கிற டப்பா மாவு நல்லதா? மதுரையில் குழந்தைகள் மருத்துவமனை ஒன்றில் உணவு ஆலோசனை சொல்வது என் வேலை. பதில் சொல்வதற்கு முன்னால் பிள்ளையைக் கையில் வாங்கி, மேசைமேல் துண்டை விரித்து உட்கார வைத்துப் பார்ப்பேன். கழுத்து ஆடாமல் நிற்கிறதா, இடுப்பை லேசாகப் பிடித்தால் முதுகு நிமிர்கிறதா, கையை ஊன்றாமல் ஒரு சாமானை எடுத்து வாய்க்குக் கொண்டுபோகிறதா என்று கவனிப்பேன். இது மூன்றும் இருந்தால் பிள்ளை சாப்பாட்டுக்குத் தயார். கேழ்வரகா அரிசியா என்பதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

நான்கு மாதக் குழந்தையின் உதட்டில் ஸ்பூனை வைத்தால் நாக்கு தானாக முன்னே வந்து அதை வெளியே தள்ளும். பிடிக்காமல் துப்புகிறது என்று வீட்டில் நினைப்பார்கள். பாலைத் தவிர வேறெதுவும் உள்ளே போகாமல் தடுக்கும் பிறவிக் காவல் அது. நான்கிலிருந்து ஆறு மாதத்துக்குள் மெல்லத் தளர்ந்துவிடும். உலக சுகாதார நிறுவனம் ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பால் மட்டும் போதும் என்கிறது. ஆனாலும் பிள்ளைக்கு ஐந்தாவது மாதம் பிறந்ததுமே, “நாம சாப்பிடுறப்ப வாயையே பாக்குது தாயி, ஏங்கிப்போயிரும்” என்று அம்மாச்சிகள் என்னிடம் முறையிடுவார்கள். அந்தக் கவலையில் இருக்கும் அன்பை நான் ஒருபோதும் தட்டிப் பேசியதில்லை. இன்னும் கொஞ்ச நாள் மடியில் வைத்துக்கொண்டு நீங்கள் சாப்பிடுங்கள், பிள்ளை பார்க்கட்டும், பார்ப்பதும் பழக்கம்தான் என்பேன். அதேபோல ஆறு மாதத்துக்கு மேல் தள்ளிப்போடுவதும் ஆகாது. கருவிலேயே சேர்த்துவைத்த இரும்புச்சத்து அந்தச் சமயத்தில்தான் குறைய ஆரம்பிக்கிறது. தாய்ப்பால் மட்டும் அதை ஈடுகட்டாது.

இனி இருக்கைக்கு வருகிறேன். ஒரு உயரமான முக்காலியில் ஏறி, கால் இரண்டையும் தொங்கவிட்டு ஒரு வேளைச் சோறு முழுவதையும் சாப்பிட்டுப் பாருங்கள். பாதி சாப்பாட்டிலேயே தொடை மரத்து, இடுப்பு நழுவி, எப்போது இறங்குவோம் என்றிருக்கும். வயது வந்த நமக்கே இப்படி என்றால், உட்காருவதே புதிதாகக் கற்றுக்கொண்ட பிள்ளைக்கு எப்படி இருக்கும்? விழாமல் இருப்பதற்கே அதன் கவனமெல்லாம் செலவாகிவிடும். நாக்கை அசைக்க, தாடையை ஆட்ட, மூச்சும் விழுங்கலும் முட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ள, உடம்பு முதலில் நிலைகொள்ள வேண்டும். இடுப்பும் முழங்காலும் கணுக்காலும் மூன்று இடத்திலும் செங்கோணமாக மடங்கி, உள்ளங்கால் ஏதோ ஒன்றின்மேல் பதிந்திருந்தால் அந்த நிலை வந்துவிடுகிறது.

ஒருமுறை ஒரு தம்பதி ஹைசேரையே ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டார்கள். எட்டு மாதப் பையன். “மடியில வச்சா சாப்பிடுறான், சேர்ல வச்சா அஞ்சு நிமிஷத்துல அழுகுறான் மேடம்” என்றார் அவன் அம்மா. உட்கார வைக்கச் சொன்னேன். இருக்கை அகலம், பையன் ஒரு பக்கமாகச் சரிந்தான். பின்பலகை சாய்வாக இருந்ததால் இடுப்பு முன்னே வழுகி, தாடை நெஞ்சில் இடித்தது. ட்ரே அவன் கழுத்துயரத்தில் இருந்தது. கால்கள் அந்தரத்தில் ஆடின. இரண்டு துண்டுகளைச் சுருட்டி இருபுறமும் சொருகினேன். மூன்றாவதை மடித்து முதுகுக்குப் பின்னால் வைத்தேன். இன்னொன்றை அடியில் போட்டதும் ட்ரே அவன் நெஞ்சுக்குக் கீழே வந்தது. மருந்து வந்த அட்டைப் பெட்டி ஒன்றை நாற்காலிக் கால்களோடு டேப் சுற்றிக் கட்டி அவன் பாதம் அதில் படும்படி செய்தோம். பையன் கால் விரல்களால் அந்த அட்டையை ஒருமுறை அழுத்திப் பார்த்தான். பிறகு இரண்டு கையையும் ட்ரேமேல் வைத்து இட்லித் துண்டை எடுத்தான். அன்றைக்கே கிண்ணம் காலியானது என்று சொல்லமாட்டேன். ஆனால் அழவில்லை, உட்கார்ந்திருந்தான்.

ஹைசேர் வாங்கப் போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வதும் இதுதான்: கால் பலகை இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். மேலும் கீழும் நகர்த்த முடிகிற பலகையாக இருந்தால் இன்னும் நல்லது. நார்வே நாட்டு வடிவமைப்பாளர் பீட்டர் ஓப்ஸ்விக் 1972இல் உருவாக்கிய ட்ரிப் ட்ராப் நாற்காலியில் உட்காரும் பலகை, கால் பலகை இரண்டையுமே பிள்ளை வளர வளர மாற்றி மாட்டலாம். ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக அது விற்பனையில் இருப்பதற்கு அந்த யோசனைதான் காரணம் என்று நினைக்கிறேன். விலை நம் ஊர்க் குடும்பங்களுக்குக் கட்டுப்படியாகாது. ஆனால் அந்த யோசனையை ஒரு தச்சரிடம் சொல்லி, சாதாரண மரநாற்காலியிலேயே குறைந்த செலவில் கொண்டுவரலாம், செய்தவர்கள் இருக்கிறார்கள். பின்பலகை நிமிர்ந்திருக்க வேண்டும். தொடைகளுக்கு நடுவே வரும் பட்டையோடு பெல்ட் இருக்க வேண்டும். ட்ரே பிள்ளையைப் பிடித்துக்கொள்ளாது, பிள்ளை அதன் அடியில் வழுகி இறங்கிவிடும். நாற்காலியின் கால்கள் தரையில் அகன்று ஊன்றியிருக்க வேண்டும். பூப்போட்ட மெத்தை வைத்த நாற்காலிகள் கடையில் கண்ணைக் கவரும். பத்தாம் நாள் அந்தத் தையல் இடுக்குகளில் பருப்புச் சோறு புளித்து நாறும்போதுதான் வழுவழுப்பான மரத்தின் அருமை தெரியும். பிறகு, எங்கே போடுகிறோம் என்பது. சுவருக்கோ மேசைக்கோ ஒட்டிப் போட்டால் பிள்ளை காலால் உதைத்துத் தள்ளும். நாற்காலி மல்லாக்கச் சாயும். அடுப்பும் சுவிட்சு ஒயரும் கைக்கெட்டாத தூரத்தில் போடுங்கள்.

எங்கள் பக்கத்து வீடுகளில் பாதிக்கு மேல் சாப்பாட்டு மேசையே கிடையாது. தரையில் உட்கார்ந்துதான் சாப்பாடு. அங்கே ஹைசேர் வாங்காதீர்கள் என்றே சொல்கிறேன். எல்லோரும் கீழே இருக்க, பிள்ளை மட்டும் தனியே உயரத்தில் இருந்து என்ன பார்க்கும்? சுவரில் முதுகைச் சாய்த்துச் சம்மணமிட்டு உட்காருங்கள். பிள்ளையை ஒரு தொடையின்மேல் பக்கவாட்டில் இருத்தி, அதன் பாதம் உங்கள் மற்றத் தொடையிலோ தரையிலோ படும்படி வையுங்கள். கை இரண்டும் வெளியே இருக்கட்டும். முன்னால் ஒரு மணையைப் போட்டு அதில் கிண்ணத்தை வைத்தால், அதைவிட நல்ல இருக்கையை எந்தக் கடையும் விற்கவில்லை.

இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவில் நடந்து, நிலாவைக் காட்டி ஊட்டுவது பற்றிக் கேட்பார்கள். அந்த வழக்கத்தின்மேல் எனக்குப் பிரியம் உண்டு. நானும் அப்படி ஊட்டப்பட்டு வளர்ந்தவள்தான். ஆனால் விழுங்கவே இப்போதுதான் பழகுகிற பிள்ளை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது வாயில் சோற்றை வைப்பது ஆபத்து. ஒரு வயது தாண்டட்டும், நின்ற இடத்தில் நின்று, நிலாவைப் பார்த்து முடித்த பிறகு ஒரு வாய் கொடுங்கள். செல்போனைக் காட்டி ஊட்டுவதை மட்டும் நான் எந்த வயதிலும் ஒப்புக்கொள்வதில்லை. அந்தப் பிள்ளைக்குத் தான் சாப்பிட்டதே தெரியாது.

இருக்கையை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்கு வேறொரு காரணமும் உண்டு. மடியில் மல்லாக்கப் போட்டு, ஒரு கையை அக்குளில் இடுக்கி, மறு கையைப் பிடித்துக்கொண்டு பாலாடையில் கஞ்சியைப் புகட்டுவதைப் பல வீடுகளில் பார்க்கிறேன். பிள்ளை அழ வாய் திறக்கும். அந்த நேரத்தில் கஞ்சி உள்ளே போகும். அந்த நிலையில் கிடக்கிற பிள்ளையால் வேண்டாம் என்று சொல்லவே முடியாது. நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் பிள்ளை முன்னால் சாய்ந்து வாயைத் திறக்கும். வயிறு நிறைந்தால் முகத்தைத் திருப்பும், பின்னால் சாயும், கையால் தட்டிவிடும். பசிக்கும் நிறைவுக்கும் அதற்குத் தெரிந்த பாஷை அவ்வளவுதான். ஸ்பூனை அதன் வாய்க்கு நேராக, மேலிருந்து இல்லாமல் எதிரே கொண்டுபோய்க் கீழுதட்டைத் தொட்டு நிறுத்துங்கள். வாய் திறந்து அதுவாக முன்னே வரும்வரை காத்திருங்கள். உள்ளே போனதும் மேல் ஈறில் வழித்துவிடாமல், உதடு மூடியபின் நேராக வெளியே எடுங்கள். மேலுதடு தானாக இறங்கி ஸ்பூனை வழித்தெடுக்கிற அந்த நொடியை எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

உணவைப் பொறுத்தவரை என் முதல் சண்டை தண்ணீரோடு. பருப்பு வேகவைத்த தண்ணீரைத் தெளிவாக இறுத்துக் கொடுத்துவிட்டு, “பருப்புத் தண்ணி குடுக்குறோம்” என்று பெருமையாகச் சொல்வார்கள். சத்தெல்லாம் அடியில் தங்கிய பருப்பில் இருக்கிறது. பிள்ளையின் இரைப்பை எடையில் கிலோவுக்குச் சுமார் 30 மில்லிதான் கொள்ளும். ஏழு கிலோப் பிள்ளைக்கு 210 மில்லி, ஒரு டம்ளர். அந்த இடத்தை நீர்த்த கஞ்சியால் நிரப்பினால் வயிறு நிறையும், எடை ஏறாது. ஸ்பூனைச் சாய்த்தால் ஒழுகாமல் நிற்க வேண்டும், அதுதான் பதம். ஆரம்பத்தில் இரண்டு மூன்று கரண்டி, நாளுக்கு இரண்டு மூன்று வேளை. ஒன்பதாம் மாதம் வாக்கில் வேளைக்கு அரைக் கிண்ணம், மூன்று நான்கு வேளை. தாய்ப்பால் கூடவே இரண்டு வயதுவரை, அதற்கு மேலும் தொடரலாம்.

கெட்டியாகக் காய்ச்சினால் பிள்ளை விழுங்கச் சிரமப்படுகிறதே என்பார்கள். அதற்கு நம் கையிலேயே ஒரு வழி இருக்கிறது. கேழ்வரகை இரவு ஊறவைத்து, துணியில் கட்டி முளைகட்டி, நிழலில் உலர்த்தி, வாசனை வருமளவுக்கு லேசாக மட்டும் வாட்டி அரைத்து வைத்துக்கொள்ளுங்கள். கருக வறுக்கக் கூடாது. முளைத்த தானியத்தில் மாவுச்சத்தை உடைக்கும் ஒரு நொதி இருக்கிறது. அதிகச் சூட்டில் அது செத்துவிடும். சாதாரண மாவில் கெட்டியாகக் கஞ்சி காய்ச்சி இறக்கி, சூடு சற்றுத் தணிந்ததும் இந்த முளைமாவு ஒரு சிட்டிகை தூவிக் கிளறுங்கள். சில நிமிடத்தில் களிபோல இருந்தது தளர்ந்து ஓடும். ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்க்கவில்லை. சத்து அப்படியே இருக்கிறது. கிருமிக்காக மறுபடி ஒரு கொதி விட்டு, ஒரு ஸ்பூன் நெய்யோ நல்லெண்ணெயோ விட்டுக் கொடுங்கள். கஞ்சியோடு நின்றுவிடவும் வேண்டாம். முட்டை, நன்றாக வெந்து மசித்த ஈரல், முள் நீக்கிய மீன் எல்லாம் ஆறு மாதத்துக்குப் பிறகு கொடுக்கலாம். இரும்புச்சத்துக்கு ஈரலுக்கு இணை இல்லை. சைவ வீடு என்றால் பருப்பு, கீரையோடு தக்காளியோ இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறோ சேர்த்தால் இரும்பு உடம்பில் ஒட்டும். தேன் ஒரு வயதுவரை வேண்டவே வேண்டாம். பிறந்ததும் சேனை வைப்பதுகூட. உப்பும் சர்க்கரையும் ஒரு வயதுவரை தேவையில்லை.

மிக்சியை ஏழாம் மாதத்திலேயே ஓரங்கட்டிவிடுங்கள். கையால் பிசைந்தால் சிறு சிறு கட்டிகள் மிஞ்சும். அந்தக் கட்டிகள்தான் தாடைக்குப் பாடம். இங்கிலாந்தில் பிரிஸ்டல் பகுதியில் 1991, 1992இல் பிறந்த ஆயிரக்கணக்கான குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்த ஆய்வில், ஒன்பது மாதத்துக்குப் பிறகே கட்டியுள்ள உணவைப் பார்த்த பிள்ளைகளுக்கு ஏழு வயதில்கூடச் சாப்பாட்டுத் தொல்லை அதிகம் இருந்தது.

கட்டி கொடுத்தால் குமட்டும். முகம் சிவந்து, நாக்கை நீட்டி, இருமிச் சத்தம் போட்டு வெளியே தள்ளும். பெற்றவர்களுக்கு உயிரே போகும். சத்தம் வருகிறவரை கையைக் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே இருங்கள். வாய்க்குள் விரலை விடாதீர்கள். சத்தமே இல்லாமல் உதடு நீலம் பாரித்தால்தான் அடைப்பு. அப்போது பிள்ளையை முன்கையில் குப்புறப் படுக்க வைத்து, தலை தாழ, தோள்பட்டைகளுக்கு நடுவே ஐந்து தட்டு. திருப்பி நெஞ்சின் நடுவே ஐந்து அழுத்து. மாற்றி மாற்றி, உதவிக்கு ஆளைக் கூப்பிட்டுக்கொண்டே. முழு வேர்க்கடலை, பொரிகடலை, முழுத் திராட்சை வீட்டில் கைக்கெட்டும் இடத்தில் இருக்கக் கூடாது. அதே கடலையை நைசாக அரைத்துக் கஞ்சியில் கரைத்துக் கொடுக்கலாம். ஒவ்வாமைக்கு வாய்ப்பு அதிகமுள்ள குழந்தைகளுக்குச் சீக்கிரமே கடலை பழக்கினால் அந்த ஒவ்வாமை பெருமளவு குறைகிறது என்று 2015இல் வெளிவந்த லீப் ஆய்வு காட்டியது. கடுமையான கரப்பான் உள்ள பிள்ளை என்றால் மட்டும் முதலில் மருத்துவரைக் கேளுங்கள்.

அக்கா பிள்ளையின் பழைய ஹைசேரை வாங்கி வைத்திருப்பவர்கள் பெல்ட்டின் கிளிப் கடிக்கிறதா என்று இழுத்துப் பாருங்கள், ஆணிகளை முறுக்கிவிடுங்கள். கால் பலகை முந்தின பிள்ளையின் அளவிலேயே இருக்கும். உங்கள் பிள்ளையை உட்கார வைத்து, முழங்கால் மடியும் இடம் பார்த்து மேலே ஏற்றி மாட்டுங்கள். சட்டை சிறுத்துப்போகும் போதெல்லாம் அதை ஒரு துளை கீழே இறக்க வேண்டியிருக்கும்.