தண்ணி நிக்கற வருஷம்

எங்க ஏரியாவுக்கு உப்பளம்னு பேர். நான் பிறந்ததிலிருந்து இங்கே உப்பு விளைந்து பார்த்ததில்லை. ஸ்டேடியம் இருக்கிறது, துறைமுகம் இருக்கிறது, மழை பெய்தால் லேசில் வடியாத தண்ணி இருக்கிறது.

2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல் கரை கடந்த ராத்திரி. புதுச்சேரியில் ஒரே நாளில் ஏறக்குறைய 48 சென்டிமீட்டர் மழை. கரண்ட் இல்லை. கீழ் வீட்டிலிருந்து அம்மாவும் மாடிக்கு வந்துவிட்டார். மெழுகுவத்தி வெளிச்சத்தில் வழக்கமான கேள்வி: “ஏன்டா, கல்யாணமாகி ஆறு வருஷமாச்சு, விசேஷம் ஒண்ணும் இல்லையா?” மனைவி எழுந்து உள்ளே போனாள்.

தள்ளிப்போட்டது பெரும்பாலும் நான்தான். முதலில் வீட்டுக்கடன், அப்புறம் ஆன்சைட், அப்புறம் ஆபீஸில் லே-ஆஃப் பேச்சு.

அம்மா தூங்கியபின் அவளிடம் பூநாரையைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன் (சங்கடம் வந்தால் பறவைக்குத் தாவுவது என் வழக்கம்). கோடியக்கரையில் சேர்ந்து பார்த்திருக்கிறோம். அங்கே மேயும், கூடு கட்டாது. இந்தியாவில் அது பெருங்கூட்டமாகக் கூடு கட்டுவது கட்ச்சின் ரண் உப்புப் பாலையில். 1945-ல் சலீம் அலி அங்கே போய்ப் பார்த்து, சுமார் ஐந்து லட்சம் பறவைகள் என்று கணக்கிட்டார்.

வருஷத்தில் பாதி அது வெடித்துக் கிடக்கும் உப்புத்தரை. தென்மேற்குப் பருவமழையில்தான் தண்ணி நிற்கும். அந்தச் சேற்றை அலகால் குவித்து மேடு கட்டி, ஒரே ஒரு முட்டை இடும். தண்ணி ஏறினால் மேடு முங்கிவிடும். சீக்கிரம் வத்தினால் நரி நடந்தே வந்துவிடும். மழை பொய்த்தால் அந்த வருஷம் கூடே கட்டாது.

“சரியான கண்டிஷன் வர்ற வரைக்கும் வெயிட் பண்ணுது பாரு” என்றேன். எனக்கே என் வாதம் பிடித்திருந்தது.

“அது எத்தனை வருஷம் உயிரோட இருக்கும்?”

அடிலெய்டு மிருகக்காட்சிசாலையில் ஒரு பூநாரை 83 வயசுக்குக் குறையாமல் வாழ்ந்து 2014-ல்தான் செத்தது. பெருமையாகச் சொன்னேன்.

“எனக்கு அடுத்த மாசம் முப்பத்தாறு” என்றாள். “போன மாசம் டாக்டர்கிட்ட தனியா போனேன். உன்கிட்ட சொல்லல.”

டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்க எனக்கு ரொம்ப நேரம் ஆனது. அவள் சொன்னாள். மெழுகுவத்தி தீர்ந்தபிறகும் பேசிக்கொண்டிருந்தோம்.

விடிந்தபோது மூணாவது படி வரைக்கும் தண்ணி. அம்மா ஏற்கெனவே கீழே இறங்கி, முழங்கால் தண்ணியில் நின்று அரிசி டின்னைத் தேடிக்கொண்டிருந்தார்.