ஓதமும் சுண்ணாம்பும்

கன்னியாகுமரி மாவட்டத்துக் கடலோரத்தில் வாழ்வார்க்கு ஆண்டில் இருமுறை மழைக்காலம் வரும். ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவம். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவம். இவ்விரண்டிற்கும் இடையே வானம் வெளுத்திருக்கும் நாட்களிலும், கடற்காற்று ஈரத்தைச் சுமந்தே வீட்டினுள் புகும். பெட்டியில் வைத்த தோற்செருப்புப் பச்சை பூக்கும். சாடியில் உப்புக் கசியும். மேசையின் இழுப்பறை இழுத்தால் வாராது. இத்தகைய நாட்டில் உட்சுவருக்கு வர்ணம் பூசுவோர், சுவரினுள் புகுந்த நீர் எவ்வழியே வெளியேறும் என்பதை முதற்கண் எண்ணுதல் வேண்டும்.

எமது இல்லம் பாட்டனார் கட்டியது. செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டெழுப்பிய தடித்த சுவர்கள் உடையது. அக்காலத்து வீடுகள் பலவற்றைப் போலவே அடித்தளத்தில் ஓதத்தடுப்பு யாதும் இல்லை. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுமாறு போல, நிலத்து ஈரம் செங்கல்லின் நுண்துளைகள் வழியே மேலேறும். சுவர் வெள்ளையடித்திருந்த வரையில் ஏறிய ஈரம் காற்றிற் கலந்து போய்க்கொண்டேயிருந்தது. இடையே சில ஆண்டுகள் வாடகைக்கு இருந்த ஒருவர், வடக்கறையில் பளபளக்கும் பிளாஸ்டிக் வர்ணம் பூசிச் சென்றார். நன்மை கருதியே செய்தார் என்பதில் ஐயமில்லை. ஆயின் இரண்டு மழைக்குள் சுவர் கொப்புளித்தது. கொப்புளம் உடைந்த இடத்தில் வெள்ளையாய் உப்புப் பூத்தது. கட்டிலின் தலைமாட்டில் கருநிறப் பூஞ்சணம் படர்ந்தது.

அக்கட்டிலிலேதான் எம் அன்னையார் துயில்கின்றார். அவர்க்கு இரைப்பு நோய் நெடுநாளாக உண்டு. மருத்துவர் இருமுறை மருந்தை மாற்றியபின், “படுக்கும் அறை எப்படி?” என்று வினவினார். ஓதமும் பூஞ்சணமும் உள்ள இல்லங்களில் வாழ்வார்க்கு மூச்சுநோய்கள் மிகுதல் பற்றி உலக சுகாதார நிறுவனம் 2009-ஆம் ஆண்டில் வழிகாட்டி நூலொன்றே வெளியிட்டுள்ளது.

மேலே என் செய்வது என்பதில் யாம் உடன்பிறந்தார் மூவரும் ஒருமனப்படவில்லை. எம்முள் இளையவர், நீர்புகாப் பூச்சொன்றை அவ்வர்ணத்தின் மீதே பூசலாம் என்றார். கடையில் பல்லாண்டு உறுதி தருகின்றனராம். மூத்தவர், அன்னையாரைத் தெற்கறைக்கு மாற்றிவிட்டாற் போதும் என்றார். அன்னையார் இசையவில்லை. எம் தந்தையார் இறுதி நாட்களைக் கழித்த அறை அது. அவர் கிடந்த கட்டில் அது. அதன்மேல் எவரும் பேசவில்லை.

எழுபதைக் கடந்த கொத்தனார் ஒருவரை அழைத்தோம். அவர் வர்ணம் உதிர்ந்த இடத்தில் ஒரு முழச் சதுரமான பிளாஸ்டிக் தாளை வைத்து, நான்கு ஓரமும் காற்றுப் புகாதபடி ஒட்டி, இரண்டு நாள் விட்டார். தாளின் வெளிப்புறத்தில் நீர் கோத்தால் அறைக்காற்றின் ஈரம் படிகின்றதென்றும், உட்புறத்தில் கோத்தால் சுவரே ஈரம் விடுகின்றதென்றும் கொள்ளலாம். உட்புறத்தில் நீர் முத்துமுத்தாக நின்றது.

“தம்பி, சுவர் குடித்த தண்ணீரை விடப் பார்க்கிறது, இந்த வர்ணம் அதன் வாயைக் கட்டி வைத்திருக்கிறது” என்றார்.

ஆயினும் அவர் முதலில் வர்ணத்தைத் தொடவேயில்லை. வெளியே வடசுவரை ஒட்டி, தளமட்டத்திற்கு மேலாகக் குவிந்திருந்த மண்ணை வெட்டி அகற்றச் சொன்னார். இறவாரத்து நீர் சுவரடியில் விழாதபடி வாய்க்கால் ஒன்று அமைத்தார். உள்ளே சுரண்டும் வேலை தை மாதத்தில் தொடங்கிற்று. அன்னையார் அதுவரை உறவினர் வீட்டில் இருந்தார். பழைய சன்னற்கதவின் எண்ணெய் வர்ணத்தை ஈரப்படுத்தியே சுரண்டினோம். அவ்வர்ணங்களில் ஈயம் இருத்தல் கூடும், அத்தூள் மூச்சிற் புகுதல் தீது. வீட்டு வர்ணத்தில் ஈயம் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேற்படலாகாது என்னும் விதியை இந்திய அரசு பிறப்பித்ததே 2016-இல்தான். சுவரிற் பூத்த உப்பையோ உலர்ந்த தூரிகையால் துடைத்தெடுத்தோம்; கழுவினால் கரைந்து மீண்டும் உள்ளே செல்லும். பெயர்ந்த இடங்களைச் சிமெண்டால் அடைக்கலாம் என்ற இளையவரைக் கொத்தனார் திரும்பியும் பார்க்கவில்லை. சுண்ணாம்புச் சாந்தே பூசினார்.

சுண்ணாம்பின் வரலாறு வியப்பானது. கடற்சிப்பியைச் சூளையிலிட்டுச் சுட்டால் கரியமிலவாயு நீங்கிச் சுட்ட சுண்ணாம்பாகின்றது. நீர் ஊற்றினால் கொதித்து நீறுகின்றது. (அப்போது அருகில் குனிந்து நோக்கலாகாது, கண்ணில் தெறித்தால் பார்வைக்கே கேடு.) நீற்றிய சுண்ணாம்பைச் சுவரிற் பூசினால், அது காற்றிலிருந்து கரியமிலவாயுவை மீட்டுக்கொண்டு, சிப்பியாக இருந்த அதே பொருளாக மீண்டும் இறுகுகின்றது. இம்மாற்றத்திற்குச் சிறிது ஈரம் இன்றியமையாதது. விரைந்து உலர்ந்தால் பூச்சு பொடியாக உதிரும். ஆகவே வெள்ளையடிக்குமுன் சுவருக்கு நீர் தெளிக்கின்றனர். அடைமழையிலும் அடித்தல் கூடாது. துளைகள் நீரால் நிறைந்திருந்தால் வாயு உட்புகாது. தை முதல் பங்குனி வரை எம் பகுதிக்கு ஏற்ற காலம். புதிய சுண்ணாம்பின் காரத்தில் பூஞ்சணம் முளைப்பதுமில்லை.

சென்னைச் சுண்ணாம்பின் புகழ் கடல் கடந்தது. வெல்லம், முட்டை, தயிர், கடுக்காய் முதலியன கூட்டிச் சாந்து செய்யும் முறையை செயின்ட் எலினாத் தீவின் ஆளுநராயிருந்த ஐசக் பைக் என்பார் எழுத, இலண்டன் ராயல் சொசைட்டியின் ஏடு 1732-இல் அதனை வெளியிட்டது. எம் கொத்தனாரோ கஞ்சித் தண்ணீரோடு நிறுத்திக்கொண்டார்.

பச்சை நிறம் வேண்டும் என்பது அன்னையாரின் விருப்பம். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் ஆர்சனிக் கலந்த பச்சை, சுவர்த்தாள்களில் பெருவழக்காயிருந்தது. ஓதமுள்ள அறையில் அதன்மேல் வளரும் பூஞ்சணம் நச்சுவாயுவை விடுகின்றதென இத்தாலியராகிய கோசியோ 1890-களில் ஆய்ந்து காட்டினார். இன்றைய பச்சைக்கு அவ்வச்சம் இல்லை. ஆயினும் சுண்ணாம்பின் காரத்தைத் தாங்கும் நிறங்கள் சிலவே. மஞ்சட்காவி, செங்காவி போன்ற மண்வண்ணங்கள் நிற்கும். மஞ்சட்காவியில் ஒரு கைப்பிடி கலந்து, நீர்த்த கரைசலாக மும்முறை அடித்தோம். அடிக்கும்போது சாம்பல்போல் மங்கித் தோன்றிய சுவர், உலர உலர வெளுத்தது.

இரு மழைக்காலம் கழிந்துவிட்டன. சுவரடியில் ஒரு சாண் உயரத்திற்கு ஈரத்தின் நிழல் இன்னும் தெரிகின்றது, பூஞ்சணம் இல்லை. அன்னையாரின் இரைப்பு நீங்கிற்று என்று சொல்வதற்கில்லை. நள்ளிரவில் எழுந்து உட்காரும் நாட்கள் குறைந்துள்ளன. சாய்ந்தால் சேலையில் வெள்ளை ஒட்டுகின்றதே என்பது இப்போது அவர்க்குள்ள குறை. தை பிறந்ததும் மறுபடி ஒருமுறை அடித்தல் வேண்டும், கொத்தனாருக்குச் சொல்லியனுப்பியிருக்கின்றோம்.