நங்கூரக் காவல்

ஆலந்தலைப் பையனுக்குக் கடலை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. மீசை முளைக்கும் முன்பே அப்பாவோடு வள்ளத்தில் போனவன் நான். ஆனால் வள்ளக்காரன் இருட்டோடு போனால் பொழுது சாய்வதற்குள் கரைக்கு வந்துவிடுவான். தோணிக்காரன் கடலிலேயே குடியிருக்க வேண்டும். அதுவே ஒரு தனித் தொழில் என்பது, தூத்துக்குடித் தோணி ஒன்றில் சமையல்காரரான பண்டாரிக்குக் கையாளாக ஏறிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. எந்திரம் வராத எழுபதுகள் அவை. வெங்காயம், மிளகாய், கருவாடு ஏற்றிப் பாய் விரித்தால் கொழும்பு.

கேட்பவர்கள் எல்லோரும் பாயைப் பற்றித்தான் கேட்கிறார்கள். பாயை ஏற்றும் கயிறான ஆஞ்சானை இழுக்க ஆள் கூடி அம்பாப் பாட்டுப் பாடினால் போதும், கை தானாகப் பழகிவிடும். நங்கூரம் போட்டுக் கிடக்கப் பழகத்தான் காலம் பிடிக்கும்.

கொழும்பில் சரக்கு இறக்க முறை வரும்வரை கிடக்க வேண்டும். 1875-இல் அடிக்கல் நாட்டிக் கட்டிய அலைதடுப்புச் சுவருக்குள் பெரிய கப்பல்கள், இழுவைப் படகுகள், பாரம் இறக்கும் படகுகள். அவற்றின் நடுவே எங்கள் தோணிகள். எங்கள் அடுப்பு, மணல் கொட்டிய மரப்பெட்டிக்குள் இருந்தது. உலை கொதிக்கும்போது கண் அடுப்பிலும் காது கடலிலும் இருக்க வேண்டும் என்பார் பண்டாரி. இழுவைப் படகின் சத்தம் நெருங்கினால் பானையின் கழுத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும்; அலை பிறகு வரும். நடுக்கடலில் அரிசியைக் கடல் தண்ணீரிலேயே களைந்துவிடலாம். துறைமுகத்தில் எண்ணெய் மிதக்கும். அதனால் கரைக்கு அத்தனை அருகில் கிடக்கும்போதுதான் பீப்பாய்த் தண்ணீர் சீக்கிரம் இறங்கும்.

இனி நங்கூரம். ஐந்து பாகம் ஆழமென்றால் இருபத்தைந்து பாகம் வடம் விட வேண்டும். வடம் தரையோடு படுத்து இழுத்தால்தான் நங்கூரத்தின் நகம் சேற்றில் இறங்கும். நெட்டுக்குத்தாக இழுத்தால் பிடுங்கிக்கொள்ளும். ஆனால் நெரிசலான துறையில் அவ்வளவு வடம் விட்டால் தோணி பெரிய வட்டமடித்துப் பக்கத்துத் தோணியில் மோதும். குறைத்து விட்டால் இரவில் இழுபடும். இந்த இரண்டுக்கும் நடுவே முடிவெடுப்பதுதான் வித்தை.

"ஏலே, பாரத்தோணி நீரோட்டத்துக்குக் கெடக்கும், வெறுந்தோணி காத்துக்குக் கெடக்கும். பக்கத்துக்காரன் எவ்வளவு பாரத்துல இருக்கான்னு மொதல்ல பாரு" என்றார் தோணியை நடத்தும் தண்டல். நான் கற்ற பாடங்களில் இதுவே பெரியது. காலையில் சரக்கு இறக்கிய தோணி மாலையில் வேறு மாதிரித் திரும்பும். நேற்று போதுமாக இருந்த இடைவெளி இன்று போதாது. அப்போது வடத்தைச் சுருக்க வேண்டும், அல்லது இரண்டாவது நங்கூரத்தை இறக்க வேண்டும்.

இரவுக் காவலில் அரிக்கேன் விளக்கை உயரத்தில் கட்டிவிட்டு தோணியின் முன்பக்கமான அணியத்தில் உட்கார்ந்திருப்பேன். ஊரில் திருச்செந்தூர்க் கோபுரத்தை வைத்துக் கணியம் பார்த்துப் பழகிய கண் அங்கே உதவியது. கரையில் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் இரண்டு அடையாளங்கள் விலகினால் தோணி நகர்கிறது என்று அர்த்தம். பாரந்தூக்கியை அடையாளமாக எடுக்காதே, அது நகரும். கட்டிக்கிடக்கும் கப்பலையும் எடுக்காதே, அது போய்விடும் என்பார் தண்டல். மழையில் கரை மறைந்தால் வடத்தின்மேல் உள்ளங்காலை வைக்க வேண்டும். இறுகி நிற்கும் வடம் அமைதியாக இருக்கும். நங்கூரம் தரையில் தேயும்போது வடம் விட்டுவிட்டு அதிரும்.

செவ்வாய்க்கிழமைகளில் எல்லோரும் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போவார்கள். காவலுக்கு ஓர் ஆள் இருக்க வேண்டும். ஒரு செவ்வாயன்று தண்டல் என்னை மட்டும் தோணியில் விட்டுவிட்டு இறங்கிப் போனார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. தொழில் கைக்கு வந்துவிட்டது என்று நான் அறிந்தது அப்படித்தான்.

கச்சான் காற்று ஓங்கும் ஆனி, ஆடியில் தோணி கரையேறும். தோணித் தச்சரான ஓடாவியோடு சேர்ந்து பலகை இடுக்குகளில் பஞ்சுத்திரி அடித்துக் கலப்பத்துப் பார்ப்போம். அது வேறு தொழில், தனியாக எழுத வேண்டியது.

இலங்கையில் தமிழருக்கு எதிராக நடந்த 1983 கலவரத்துக்குப் பிறகு கொழும்பு எங்களுக்குப் பழைய கொழும்பாக இல்லை. தோணிகளுக்கு எந்திரம் வந்தது. மாலத்தீவுக்கும் இலட்சத்தீவுக்கும் போகின்றன. ஜோ டி குருஸ் தம் 'கொற்கை' நாவலில் தோணி உலகத்தை எழுதி வைத்துவிட்டார். அதற்கு 2013-இல் சாகித்திய அகாதமி விருதும் கிடைத்தது. ஆனால் உள்ளங்காலால் வடம் பார்ப்பதைப் புத்தகத்தில் படித்துக் கற்க முடியாது. எந்திரம் நின்றுபோன இரவில் தோணியையும் ஆட்களையும் காப்பது நங்கூரம் ஒன்றுதான். தோணி உரிமையாளர்களை நான் கேட்டுக்கொள்வது இதுதான்: புதிதாக ஏறும் பையனை நேராக எந்திர அறைக்கு அனுப்பாதீர்கள். பழைய தண்டல் ஒருவரோடு ஒரு பருவம் நங்கூரக் காவலில் உட்கார வையுங்கள். அந்தத் தண்டல்களில் சிலராவது இன்னும் நம்மோடு இருக்கிறார்கள்.