மடையை அடைத்தல்

ஏரியை நம்பி வாழ்ந்த ஊர்களில் மடையைத் திறக்கவும் அடைக்கவும் என்றே ஒருவர் இருந்தார். நீர்க்கட்டி, நீராணிக்காரர், மடைக்குடும்பர் என வட்டாரந்தோறும் அவர் பெயர் மாறும். கழனிக்கு நீர் பாய்ச்சுவது மட்டுமன்று, வேண்டாத வேளையில் நீரை நிறுத்துவதும் அவர் பொறுப்பே. அதற்காக அறுவடைக் களத்தில் அவருக்கும் ஒரு பங்கு நெல் அளக்கப்பட்டது.

இன்று நம் மாடியில் நிற்கும் தொட்டியும் ஒரு சிற்றேரிதான். 1,000 லிட்டர் கொள்ளும் தொட்டி நிரம்பினால், நம் தலைக்குமேல் ஒரு டன் நீர் நிற்கிறது. அந்த ஏரிக்கு மடை எது? அதை அடைக்கத் தெரிந்தவர் யார்? பல வீடுகளில் இவ்வினாக்களுக்கு விடை இராது.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு கோடை இரவில் எங்கள் சமையலறைக் குழாயின் இணைப்பு கழன்றது. மூன்று நாளுக்கு ஒருமுறை குடிநீர் வந்த காலம் அது. என் மகள் துண்டைச் சுருட்டிக் குழாயின் வாயில் அழுத்தினாள். நீர் அதனைத் தள்ளிக்கொண்டு பீறிட்டது. என் மனைவி வாளிகளைத் தேடி ஓடினார். கூடத்துத் தரையில் மின்கம்பிகள் கிடந்தன. அடுத்த அறையில், எழுந்து நடக்க இயலாத என் தாய் படுத்திருந்தார். நீர் அங்கே பரவுமுன் மெயின் சுவிட்சை அணைத்தேன். இருள் சூழ்ந்தது. அந்த இருளில் அம்மாவின் குரல் கேட்டது: "துணிக்கு நிற்காதடா. மேலே போய் மடையை அடை."

அவர் நீர்க்கட்டி ஒருவரின் மகள்.

நானும் மகளும் கைவிளக்குடன் மாடி ஏறினோம். தொட்டியின் அடியிலிருந்த வால்வு நெடுநாள் அசையாமல் இறுகிக் கிடந்தது. துணி சுற்றி இருவரும் சேர்ந்து திருகியபின் மெல்ல அசைந்தது. கீழே நீரின் ஓசை அடங்கியது. தொட்டியில் ஒரு சாண் நீர் எஞ்சியிருந்தது. அம்மாவின் உடல் துடைக்கவும் நாங்கள் குடிக்கவும், அடுத்த முறை நீர் வரும்வரை அதுவே உதவியது. மறுநாள் குழாய் பழுதுபார்ப்பவர் புதிய இணைப்பைப் பொருத்தினார். அரைமணி நேர வேலை அது.

துணிக்கு நீர் ஏன் நிற்கவில்லை என்பதற்கு இயற்பியல் விடை தரும். நீர் நிற்கும் உயரமே அதன் அழுத்தத்தை முடிவு செய்கிறது. 10 மீட்டர் உயர நீர்த்தூண் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தத்தைத் தரும். எனவே பாயுமிடத்தில் நீரோடு போராடுவதைவிடப் புறப்படுமிடத்தில் அதனை நிறுத்துவதே அறிவுடைமை. அம்மா இதனை வகுப்பறையில் கற்கவில்லை, வரப்பில் கற்றார்.

2019ஆம் ஆண்டு சென்னைக்கு ஜோலார்பேட்டையிலிருந்து தொடர்வண்டியில் குடிநீர் கொண்டுவரப்பட்டதை நாம் கண்டோம். மழைநீரைச் சேமிக்கச் சட்டம் இயற்றிய மாநிலம் நம்முடையது. சேமித்த நீரைக் காப்பதற்குச் சட்டத்தால் மட்டும் இயலாது. வீட்டுக்கு ஒரு நீர்க்கட்டி வேண்டும்.

மாணவர்களே, இன்று மாலை பெரியவர் ஒருவரின் துணையோடு உங்கள் வீட்டு வால்வு எங்கிருக்கிறது என்று பாருங்கள். அதை ஒருமுறை மூடித் திறந்து பாருங்கள். இறுகியிருந்தால் இன்றே சரிசெய்யச் சொல்லுங்கள். உடைப்பு எடுக்கும் இரவில் மடையைத் தேடிக்கொண்டிருக்க நேரமிராது.